நிக்கல் பாஸ்பைடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

முலாம் பூசும் பட்டறை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. என்னிடம் கேள்வியோடு வருபவர்கள் இரண்டு ரகம். பம்ப் தண்டையும் வால்வையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்கள் ஒரு ரகம். எம்.எஸ்சி. திட்டக் கட்டுரைக்காகப் போன் செய்யும் மாணவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேரும் சொல்லும் பெயர் 'நிக்கல் பாஸ்பைடு' என்பதுதான், ஆனால் இருவர் மனதில் இருப்பதும் வேறு வேறு பொருள். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நிக்கல் பாஸ்பைடு என்றால் என்ன?

நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மம். நிக்கல் ஓர் இடைநிலை உலோகம், பாஸ்பரஸ் அலோகம். இரும்பு, கோபால்ட், மாலிப்டினம் என்று மற்ற இடைநிலை உலோகங்களும் இதேபோல் பாஸ்பைடுகளைத் தருகின்றன. தொழிலில் அதிகம் புழங்குவது நிக்கல் பாஸ்பைடுதான்.

எத்தனை நிக்கல் பாஸ்பைடுகள் இருக்கின்றன?

அரை டஜனுக்கு மேல். தண்ணீர் என்றால் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், கதை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. நிக்கலும் பாஸ்பரஸும் 3:1, 12:5, 2:1, 5:4, 1:1, 1:2, 1:3 என்று பல விகிதங்களில் சேரும். ஒவ்வொன்றும் தனிச் சேர்மம். படிக அமைப்பும் குணமும் தனித்தனி. எடைக்கணக்கில் பார்த்தால் 3:1 சேர்மத்தில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 15 சதவீதம், 2:1-ல் 21 சதவீதம், 1:2-ல் பாதிக்கு மேல். முலாம் பூசுபவர்களுக்கு வேண்டியது 3:1. வினையூக்கி ஆய்வு செய்பவர்களுக்கு 2:1. பேட்டரிக்காரர்கள் 1:2-ஐத் தேடுகிறார்கள். அதனால் யாராவது 'நிக்கல் பாஸ்பைடின் உருகுநிலை என்ன?' என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த விகிதம்?

கீழே எல்லா இடத்திலும் சேர்மங்களை விகிதத்தாலேயே குறிப்பிடுகிறேன்.

பாஸ்பைடு என்றால் எலி மருந்துதானே?

எலி மருந்தாக விற்பது துத்தநாக பாஸ்பைடு. அரிசிக் கிடங்கில் மூட்டைகளுக்கு இடையே வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும். துத்தநாக பாஸ்பைடு அமிலம் பட்டால் விடும். எலியின் வயிற்றில் நடப்பது அதுதான்.

நிக்கல் பாஸ்பைடு அப்படிச் செய்வதில்லை. அலுமினியமும் துத்தநாகமும் தங்கள் எலக்ட்ரான்களைப் பாஸ்பரஸிடம் பெரும்பாலும் கொடுத்துவிடுகின்றன. அப்படி எலக்ட்ரான் நிறைந்த பாஸ்பரஸ், ஹைட்ரஜன் கிடைத்ததும் பாஸ்பீனாகப் பறந்துவிடும். நிக்கலோ எலக்ட்ரானை விட்டுக்கொடுக்காமல் பாஸ்பரஸோடு பங்கிட்டுக்கொள்கிறது; பிணைப்பு கிட்டத்தட்ட உலோகக் கலவை போல இருக்கும். தண்ணீரில் போட்டால் சும்மா கிடக்கும். நீர்த்த அமிலத்திலும் சட்டென்று கரையாது; நைட்ரிக் அமிலம்தான் அதை அசைக்கும்.

பார்க்க எப்படி இருக்கும்?

2:1 சேர்மம் சாம்பலும் கறுப்பும் கலந்த தூள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம் சுமார், உருகுநிலை 1,100 டிகிரி செல்சியஸ் அருகே. உலோகம் போல மின்சாரம் கடத்தும். அடித்தால் பீங்கான் போல உடையும். இந்த இரட்டைக் குணத்தால்தான் அதற்கு இத்தனை கிராக்கி.

உருகுநிலையில் ஒரு வேடிக்கை. சுத்த நிக்கல் உருக 1,455 டிகிரி வேண்டும். எடையில் 11 சதவீதம் பாஸ்பரஸ் சேர்த்தால் 880 டிகிரி அருகிலேயே உருகிவிடுகிறது. எஃகுத் துண்டுகளை ஒட்டும் பற்றவைப்புப் பொருளாக இந்தக் கலவையே விற்பனையில் இருக்கிறது.

இயற்கையில் கிடைக்குமா?

பூமியில் அபூர்வம். பாஸ்பரஸ் ஆக்சிஜனைக் கண்டால் விடாது; அதனால் நம் பாறைகளில் அது பாஸ்பேட்டாகவே இருக்கிறது. இரும்பு விண்கற்களில் கதை வேறு. அவற்றில் 'ஷ்ரைபர்சைட்' என்ற கனிமம் சாதாரணமாகத் தென்படும். இரும்பும் நிக்கலும் கலந்த 3:1 பாஸ்பைடு அது. வியன்னாவின் விண்கல் ஆய்வாளர் கார்ல் ஃபான் ஷ்ரைபர்ஸ் நினைவாக 1847-ல் வைத்த பெயர். நீரில் அது மெல்ல அரிக்கும்போது கரையக்கூடிய பாஸ்பரஸ் சேர்மங்களைத் தருகிறது. ஆதி பூமியில் உயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் இப்படி வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களிடையே பேசப்படும் கருதுகோள். மின்னல் மண்ணைத் தாக்கி உருகிய கண்ணாடியிலும் இதே கனிமத்தைக் கண்டு 2021-ல் எழுதினார்கள். வானத்திலிருந்து கல்தான் விழ வேண்டும் என்றில்லை, இடி விழுந்தாலும் போதும்.

மின்சாரமே இல்லாமல் நிக்கல் முலாம் பூசுவதாகச் சொல்கிறார்கள். எப்படி?

இதுதான் என் சோறு, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சாதாரண முலாமில் மின்சாரம் எலக்ட்ரானைக் கொண்டுவந்து கொடுக்கும். எலக்ட்ரோலெஸ் முறையில் அந்த வேலையைச் சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்ற உப்பு செய்கிறது. தொட்டியில் பச்சை நிறத்தில் நிக்கல் சல்பேட், கூடவே ஹைப்போபாஸ்பைட், நிக்கலைப் பிடித்துவைக்க சிட்ரிக் அல்லது லாக்டிக் அமிலம். சூடு 88, 90 டிகிரி. பி.எச். 4.5 முதல் 5 வரை. எஃகுத் துண்டை இறக்கினால் சில விநாடிகளில் அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது ஹைட்ரஜன். குமிழி வந்தால் முலாம் ஏறுகிறது என்று அர்த்தம். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை ஏறும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

ஹைப்போபாஸ்பைட் எலக்ட்ரானைக் கொடுக்கும் சாக்கில் தன் பாஸ்பரஸிலும் கொஞ்சத்தைப் பூச்சுக்குள் விட்டுவிடுகிறது. எனவே கிடைப்பது நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு. பாஸ்பரஸ் 2 முதல் 5 சதவீதம் என்றால் 'லோ பாஸ்', 6 முதல் 9 வரை 'மிட் பாஸ்', 10-க்கு மேல் 'ஹை பாஸ்'. பட்டறையில் இப்படித்தான் பேசுவோம்.

மின்சார முலாம் ஓரங்களில் தடித்து, துளைக்குள் மெலிந்துபோகும். இதில் அந்தப் பிரச்சினை இல்லை. கரைசல் தொடும் இடமெல்லாம் ஒரே தடிமன். மரையின் பள்ளத்திலும் சரி, குழாயின் உள்ளேயும் சரி.

குழாயிலிருந்துதான் இந்த முறையே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் அப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல்லும் குழாயின் உட்புறத்தில் நிக்கல் கலவை முலாம் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைசல் கெடாமல் இருக்க ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்தார்கள். செலுத்திய மின்சாரத்தின் கணக்குக்கு மேலேயே நிக்கல் படிந்திருந்தது: நூற்றுக்கு நூறைத் தாண்டிய திறன். அப்படி ஒன்று நடக்க வழியில்லை என்பதால் காரணத்தைத் தேடினார்கள். மின்சாரத்தை நிறுத்தியும் முலாம் ஏறியது. 1946-ல் வெளியிட்டார்கள். ஹைப்போபாஸ்பைட்டால் நிக்கல் படியும் என்பதை 1844-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் கண்டிருந்தார், ஆனால் அவருக்குக் கிடைத்தது தூள்.

அப்படியானால் அந்தப் பூச்சு முழுக்க நிக்கல் பாஸ்பைடுதானா?

இல்லை. வாடிக்கையாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தொட்டியிலிருந்து எடுத்த பூச்சில், பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால், அணுக்கள் வரிசையே இல்லாமல் கண்ணாடியில் இருப்பதுபோல உறைந்து நிற்கும். பாஸ்பைடு என்று தனியாக எதுவும் இருக்காது. அடுப்பில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால்தான் அணுக்கள் நகர்ந்து, 3:1 பாஸ்பைடு படிகங்கள் நிக்கலுக்கு நடுவே பிரிந்து நிற்கும்.

எவ்வளவு பிரியும் என்பதைப் பேப்பரிலேயே கணக்குப் போடலாம். 3:1 சேர்மத்தில் பாஸ்பரஸ் 15 சதவீதம். பூச்சில் 7.5 சதவீதம் இருந்தால் எடையில் சரிபாதி பாஸ்பைடு, 9 சதவீதம் இருந்தால் அறுபது சதவீதம். அந்தப் படிகங்கள்தான் கடினத்தைத் தருகின்றன. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 500, 550 இருந்த பூச்சு 900, 1,000 வரை ஏறும். ஹார்டு குரோம் என்ற கடின குரோமிய முலாமுக்குப் பக்கத்தில் நிற்கும் எண் அது.

ஆனால் இலவசமாக எதுவும் வராது. படிகமாகும்போது பூச்சு சுருங்கும், மயிரிழை வெடிப்புகள் விழும். துருவைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்த இடைவெளியற்ற கண்ணாடி அமைப்பு. அது போனதும் உப்புநீர்த் தெளிப்புச் சோதனையில் துண்டு பழைய மாதிரி நிற்காது. 'ஆயிரம் விக்கர்ஸும் வேணும், உப்புத்தண்ணியும் தாங்கணும்' என்று வரைபடத்தில் இரண்டையும் எழுதி அனுப்புகிறார்கள். நான் போன் போட்டு, 'அண்ணே, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க' என்பேன். தேய்மானம்தான் எதிரி என்றால் மிட் பாஸ் பூசி அடுப்பில் வையுங்கள். அரிப்புதான் எதிரி என்றால் ஹை பாஸ் பூசி அடுப்பை மறந்துவிடுங்கள். எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனை விரட்ட 200 டிகிரி அருகே வைப்பது வேறு விஷயம், அதில் இந்தச் சேதம் வராது.

தொட்டி திடீரென்று 'உடைந்துபோகும்' என்கிறார்களே?

தொட்டி உடையாது, உள்ளே இருக்கும் கரைசல் உடையும். ஹைப்போபாஸ்பைட்டும் நிக்கலும் எப்போதும் வினைபுரியத் துடித்துக்கொண்டிருப்பவை. தூசியோ உலோகத் துகளோ விழுந்தால் அதன் மேலேயே நிக்கல் ஏறும்; அது பல துகள்களாகப் பெருகும்; பிறகு கைமீறிவிடும். ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தொட்டியில் இது நடந்தது. வடிகட்டிப் பையை மாற்றியவர் பழைய பையை உதறியிருக்கிறார். திரும்பி வந்தபோது கரைசல் பால் போலப் பொங்கிக்கொண்டிருந்தது, பச்சை வெளுத்து அடியில் கறுப்புத் தூள். தொட்டிச் சுவரெல்லாம் வெள்ளி மாதிரி மினுமினுப்பு. பூச வேண்டிய துண்டை விட்டுவிட்டுத் தொட்டிக்கு முலாம் பூசிவிட்டது. முந்நூறு லிட்டர் போனது. சுவரைச் சுத்தம் செய்ய நைட்ரிக் அமிலம் போட்டு ஒரு ராத்திரி விட வேண்டியிருந்தது.

இப்படி நடக்காமலிருக்க லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஈயம் போன்ற நிலைப்படுத்தி சேர்ப்பார்கள். ஈயத்துக்கு ஐரோப்பிய விதிகள் வந்த பிறகு பிஸ்மத்துக்குப் பலர் மாறிவிட்டார்கள். நிலைப்படுத்தி கொஞ்சம் கூடினாலும் முலாம் ஏறாமல் நின்றுவிடும். உப்பு போடுகிற கை போல அளந்து போட வேண்டும்.

காந்தம் ஒட்டுமா?

லோ பாஸில் ஒட்டும். ஹை பாஸ் பூச்சில், அடுப்பில் வைக்காதவரை, ஒட்டாது. பாஸ்பரஸ் அணுக்கள் நடுவே புகுந்து நிக்கலின் காந்தத்தன்மையைக் கலைத்துவிடுகின்றன. சூடாக்கினால் பாஸ்பைடு ஒதுங்கி, மீதி நிக்கல் தனியாக நின்று காந்தமாகிவிடும். பூச்சு எஃகின் மேல் இருந்தால் அடியில் இருக்கும் எஃகே காந்தத்தை இழுக்கும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இந்த ஒட்டாத குணத்தால்தான் கணினி ஹார்டு டிஸ்க் தொழில் வளர்ந்தது. அலுமினியத் தட்டு மென்மையானது, அப்படியே மெருகேற்ற முடியாது. அதன் மேல் சுமார் 10 மைக்ரான் ஹை பாஸ் பூசி, அதைக் கண்ணாடிபோல மெருகேற்றி, அதற்கு மேல்தான் தகவல் பதியும் காந்தப் படலம். அடியில் இருப்பது காந்தமாக இருந்தால் தகவல் குழம்பிவிடும். வெப்ப உதவியோடு பதியும் புதிய வகை டிஸ்க்குகளில் தயாரிப்பின்போதே பல நூறு டிகிரி தேவைப்படுகிறது. நம் பூச்சு அந்தச் சூட்டில் காந்தமாகிவிடும் என்பதால் அங்கே கண்ணாடித் தட்டுக்குப் போய்விட்டார்கள்.

மொபைல் போர்டில் இருக்கும் தங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பல போர்டுகளில் தாமிரத்தின் மேல் 3 முதல் 6 மைக்ரான் நிக்கல்-பாஸ்பரஸ், அதன் மேல் 0.05 மைக்ரான் அளவில் தங்கம். பொன்னிறம்தான் கண்ணில் படும், பாரம் சுமப்பது நிக்கல். தங்கக் கரைசல் நிக்கலை அளவுக்கு மீறி அரித்தால் பாஸ்பரஸ் மிகுந்த கறுப்பு அடுக்கு மிஞ்சி, சால்டர் பிடிக்காமல் உதிரும்.

பிளாட்டினத்துக்கு மாற்று என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும்போது, எதிர்மின்முனையில் மிகச் சிறந்த வினையூக்கி பிளாட்டினம். 2005-ல் பிங் லியூ, ஹோசே ரோட்ரிகஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணினிக் கணக்கீட்டில் 2:1 பாஸ்பைடின் பரப்பு இதற்குப் பொருந்தும் என்றார்கள். அவர்கள் விளக்கம் எளிது. சுத்த நிக்கல் ஹைட்ரஜனைப் பிடித்தால் விடாது. பாஸ்பரஸ் நடுவே உட்கார்ந்து நிக்கல் தளங்களை விலக்கிவைப்பதால் பிடி தளர்கிறது. வந்த ஹைட்ரஜன் சேர்ந்து வாயுவாகிப் போகவும் இடம் கிடைக்கிறது. சில பாக்டீரியாக்களின் ஹைட்ரஜனேஸ் நொதியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

2013-ல் பென்சில்வேனியாவின் ஷாக், கலிஃபோர்னியாவின் லூயிஸ் குழுக்கள் சேர்ந்து நானோ துகள்களாகச் செய்து காட்டின. அமிலக் கரைசலில், சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லியாம்பியர் எடுக்க, கோட்பாட்டு மின்னழுத்தத்துக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டது 130 மில்லிவோல்ட் சுமார். பிளாட்டினத்துக்கு இதைவிட வெகு குறைவே போதும். ஆனாலும் நிக்கலும் பாஸ்பரஸும் என்ன விலை, பிளாட்டினம் என்ன விலை! அதன் பிறகு கட்டுரைகள் மழையாகக் கொட்டின.

என் தயக்கம் இதில்தான். அமில வகை மின்னாற்பகுப்புக் கருவியில் நேர்மின்முனைக்கு இரிடியம் வேண்டும். இரிடியம் பிளாட்டினத்தைவிட அரிது. பிளாட்டினத்தை மாற்றினாலும் அந்த முடிச்சு அப்படியே இருக்கும். கார வகைக் கருவியிலோ ஏற்கெனவே நிக்கல்தான் ஓடுகிறது, பிளாட்டினமே இல்லை. ஆக, பிளாட்டினத்துக்கு மாற்று என்ற வாசகம் எந்தக் கருவிக்கு என்று கேட்காமல் நம்பக்கூடாது. காரத்தில் நிக்கலைவிடப் பாஸ்பைடு மின்சாரத்தை மிச்சப்படுத்துமா, எத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்பதே பயனுள்ள கேள்வி. ஆக்சிஜன் வரும் முனையில் வைத்தால் அது பாஸ்பைடாக நீடிப்பதும் இல்லை. மேற்பரப்பு நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறி, வேலை பார்ப்பது அதுவே.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சோதனையில் பாஸ்பைடுக்கு ஜோடியாக வைக்கும் மறு மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைக்காதீர்கள். அதிலிருந்து துளித்துளியாகக் கரைந்து உங்கள் பாஸ்பைடின் மேல் படியும். நாளாக நாளாக முடிவு அபாரமாகிக்கொண்டே வரும், பெருமை பிளாட்டினத்துக்கு உரியது. கிராஃபைட் தண்டு போதும்.

டீசலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே இருக்கலாம், அதற்கு முந்தைய பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ்) விதியில் அளவு 50. கந்தகத்தை எடுக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் பயன்படுத்துவது நிக்கல்-மாலிப்டினம், கோபால்ட்-மாலிப்டினம் சல்பைடுகளை. சாதாரண உலோக வினையூக்கி கந்தகம் பட்டதும் செத்துவிடும். சிலிக்கா மேல் ஏற்றிய 2:1 நிக்கல் பாஸ்பைடு தாக்குப்பிடிப்பதை வினையூக்கி ஆய்வாளர் டெட் ஓயாமாவின் குழு விரிவாக ஆராய்ந்தது. மேற்பரப்பில் கொஞ்சம் கந்தகத்தை ஏற்றுக்கொண்டு அப்படியே வேலை செய்கிறது. ஆனால் ஆலைகளில் இன்னும் சல்பைடுகளே ராஜா.

பேட்டரியில்?

கணக்கில் பிரமாதம். லித்தியம் பேட்டரியின் கிராஃபைட்டுக்குக் கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி. 2:1 பாஸ்பைடுக்கு 542, 1:2-க்கு 1,333. ஆனால் லித்தியம் உள்ளே போகும்போது உப்பும், வெளியே வரும்போது சுருங்கும். சில சுற்றுகளில் நொறுங்கத் தொடங்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் தயாரிக்கலாமா?

வழிகள் உண்டு. நிக்கல் பாஸ்பேட்டை ஹைட்ரஜனில் சூடாக்கி அதன் ஆக்சிஜனை எடுத்துவிடுவது ஒன்று. நிக்கல் உப்பை ட்ரைஆக்டைல்பாஸ்பீனில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி நானோ துகள் எடுப்பது இன்னொன்று. மாணவர்கள் பெரும்பாலும் போவது மூன்றாவது வழிக்கு: குழாய் உலையில் 'படகு' எனப்படும் சின்னத் தட்டு ஒன்றில் ஹைப்போபாஸ்பைட், அடுத்த படகில் நிக்கல் ஹைட்ராக்சைடு, 300 டிகிரி, ஆர்கான் வாயு. மலிவு, சுலபம். ஆனால் அங்கே வேலை செய்வதே பாஸ்பீன் வாயுதான், அரிசிக் கிடங்கு மாத்திரையிலிருந்து வரும் அதே நஞ்சு. வேலையிட வரம்பு 0.3 பி.பி.எம்.; 50 பி.பி.எம். உயிருக்கே ஆபத்து. வெளியேறும் வாயுவைத் தாமிர சல்பேட் கரைசல் வழியாக விட்டு, புகைக்கூண்டுக்குள், கருவியோடு, வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாசனை வந்தால் என்ன என்று மோந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வெளியே ஓடுங்கள். வாசனையே வரவில்லை என்பதும் பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது.

செய்தது 2:1-தானா என்று எப்படித் தெரியும்?

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படம் எடுங்கள். தாமிரக் கதிரில் 40.7, 44.6, 47.3, 54.2 டிகிரி அருகே முகடுகள் வர வேண்டும். 44.5-ல் மட்டும் ஒற்றை முகடு கூர்மையாக நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் மாறாத நிக்கல் மிச்சம் இருக்கிறது. வேறு முகடுகளும் கலந்து வந்தால் 12:5 சேர்மத்தோடு ஒப்பிடுங்கள், சூடோ பாஸ்பரஸோ போதாதபோது அது எட்டிப் பார்க்கும்.

உடம்புக்குக் கெடுதலா?

பூசிய பொருளைத் தொடுவதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது; நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பு வரலாம். தூள் வேறு. நிக்கல் சேர்மங்களைச் சுவாசிப்பது புற்றுநோய் வரவைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பூச்சை அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். இப்படி ஆக்சிஜனை நீக்கிப் புதிதாக எடுத்த நுண்தூள் காற்றுப் பட்டுச் சூடேறும் என்பதால் உலையை ஒரேயடியாகத் திறக்கவும் கூடாது.

நேரில் பார்க்க வேண்டும். எங்கே கிடைக்கும்?

பழைய இரும்புக் கடையில் மேசைக் கணினியின் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, நட்சத்திரத் திருப்புளியால் திறந்துபாருங்கள். முகம் பார்க்கும் அளவுக்கு மெருகான தட்டு இருக்கும். அந்த மெருகு கீழே இருக்கும் நிக்கல்-பாஸ்பரஸுக்கு உரியது. மேலே இருக்கும் காந்தப் படலமும் கார்பனும் சில பத்து நானோமீட்டர்தான், அவை அடியின் வடிவத்தை அப்படியே காட்டும். மடிக்கணினியின் சிறிய டிஸ்க்கை வளைத்துப் பார்க்க வேண்டாம். அது பெரும்பாலும் கண்ணாடி, சில்லுசில்லாகத் தெறிக்கும். என் மேசையில் அலுமினியத் தட்டு ஒன்று பத்து வருடமாகச் சோதனைத் தாள்களுக்குப் பாரமாகக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்த இடத்தில் மட்டும் அலுமினியம் வெளுத்துப் பூத்திருக்கிறது, மற்ற இடத்தில் இன்றும் டியூப் லைட் தெரிகிறது.